ஆர்க்கிட்டுக்கு உடம்பு சரியில்லையா?

கிருகப்பிரவேசத்துக்கோ, பெண்ணின் பிறந்த நாளுக்கோ யாரோ ஒருவர் உங்கள் வீட்டுக்கு ஓர் ஆர்க்கிட் செடி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளைப் பீங்கான் தொட்டி. தடித்த நாலைந்து இலைகள். வளைந்த தண்டில் பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரிப் பூக்கள். கூடத்து மேஜையில் வைத்தீர்கள். வந்தவர்களெல்லாம் நிஜப் பூவா, பிளாஸ்டிக்கா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதம் ராஜோபசாரம் நடந்தது. பிறகு பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. இலை தொய்ந்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு டம்ளர் கூட ஊற்றினீர்கள். இலை இன்னும் தொய்ந்தது. இன்னும் ஒரு டம்ளர்...

சகோதரி, அந்த டம்ளரைச் சற்றுக் கீழே வையுங்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். முக்கியமாகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கிறவர்களுக்காக. உதகமண்டலத்துக்காரர்களுக்குச் சொல்லும் யோசனையை நம் கடலோரத்தில் அப்படியே செய்தால், செடி பிழைப்பது சந்தேகம்.

முதலில் இந்தச் செடி எந்த ஊர்க்காரி என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்தப் பட்டாம்பூச்சிப் பூச்செடிக்குப் பெலனாப்சிஸ் என்று பெயர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்ந்த வம்சம் அது. மண்ணில் கால் வைத்து அறியாதது. மரத்தைப் பற்றிக்கொள்ளுமே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சாது; புல்லுருவியோடு அதைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். நமக்கும் இந்தக் குடும்பம் புதிதல்ல. நம் கீழைக் கடற்கரையோரக் காடுகளில் மரக்கிளைகளில் வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு வளர்கிறதே வாண்டா, அது இதற்கு உறவு. ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் வனிலாக் கொடியும் ஆர்க்கிட் ஜாதிதான்.

கிளையில் இருக்கும் வேர் மழை பெய்தால் நனையும். மழை விட்டதும் காற்றில் உலரும். அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. உலர்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறும். அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். பீங்கான் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கிக் காற்று நுழைய வழியில்லாமற் போனால், வேர் மூச்சுத் திணறி அழுகிவிடுகிறது. அழுகின வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஆகையால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது!

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் போதாத செடிக்கும் இலை தொய்ந்து சுருக்கம் விழும். தண்ணீர் மிஞ்சிப்போன செடிக்கும் இலை தொய்ந்து சுருக்கம் விழும். அடையாளம் ஒன்று, வியாதி இரண்டு, வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். இலையைப் பார்த்து மட்டும் மருந்து கொடுக்கிறவர்கள், பாதித் தடவை விஷத்தையே மருந்தாகக் கொடுத்துவிடுகிறார்கள். வேரைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேரை எப்படிப் பார்ப்பது? பீங்கான் தொட்டி வெறும் மேல்சட்டை. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதைத் தூக்கி வெளியே எடுங்கள். பீங்கானின் அடியில் தண்ணீர் நின்றால் குற்றவாளி பாதி அகப்பட்டுவிட்டான். பிளாஸ்டிக்கின் வழியே தெரியும் வேர்கள் தடித்து, வெள்ளியாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்லது. உள்ளிருக்கும் பாசியும் காய்ந்து, தொட்டியும் இறகு போல் இலேசாக இருந்தால் அது வெறும் தாகம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் தொட்டியை வைத்து, பிறகு சொட்டச் சொட்ட வடியவிடுங்கள். நாலைந்து நாளில் இலை நிமிரத் தொடங்கும்.

வேர்கள் பழுப்பாகத் தெரிந்தால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். பயப்படாதீர்கள், ரோஜாவைப் பிடுங்குவது போல அல்ல இது. இரண்டு விரலால் வேரை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். கொழகொழவென்று நசுங்கி, மேல் தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே வாழைநார் மாதிரி ஓர் இழை மட்டும் மிஞ்சினால் செத்த வேர். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாசிக்குள் வெளிச்சம் படாமல் மஞ்சளித்துப் போன வேர் கெட்டியாகவே இருக்கும், அதை வெட்டாதீர்கள். நடுவில், செடியின் கழுத்துக்கு நேர் கீழே, நாற்றங்காலில் வைத்த சின்னப் பாசிக் கட்டியோ பஞ்சுக் கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலெல்லாம் உலர்ந்த பிறகும் ஈரத்தை விடாமல் வைத்துக்கொண்டு கழுத்தை அழுகவைப்பது பல சமயம் அதுதான். பொறுமையாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

செத்த வேர்களைக் கத்தரிக்கும் முன்னால் கத்தரிக்கோலை அடுப்பு ஜ்வாலையில் காட்டி ஆறவிடுங்கள். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகும்போதும் அப்படியே. இது வீண் ஆசாரம் அல்ல. ஆர்க்கிட்டைப் பற்றும் வைரஸ் வியாதிகள் முக்கியமாகக் கத்தியிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டுதான் பரவுகின்றன. வந்துவிட்டால் அவற்றுக்கு மருந்தே கிடையாது.

வெட்டின பிறகு ஓர் இரவு நிழலில் காற்றாட வைத்து, மறுநாள் புதுத் தொட்டியில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர். உரம் கூடவே கூடாது. ஜுரத்தில் கிடக்கிறவளுக்கு யாராவது விருந்து சாப்பாடு போடுவார்களா? எல்லா வேரும் போய்விட்ட செடியைப் பாலிதீன் பைக்குள் வைக்கும்படி குளிர்தேசத்துப் புத்தகங்களில் சொல்வார்கள். நம் கடலோரக் காற்றிலேயே ஈரம் ஏராளம். பைக்குள் போட்டால் பூஞ்சணந்தான் பூக்கும். அடியில் ஈரமான கூழாங்கல் தட்டு வைத்தால் போதும், தொட்டியின் அடி தண்ணீரில் படாமல். ஒன்றிரண்டு மாதத்தில் கழுத்தோரமாகப் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். சுருங்கின பழைய இலை முழுதும் பழையபடி ஆகாது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புது இலையைக் கவனியுங்கள்.

புதுத் தொட்டிக்கு எதை நிரப்புவது? மண் ஒரு பிடி கூட வேண்டாம். தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கியது, அடுப்புக் கரி, உடைந்த ஓட்டுச் சில்லு - இந்த மூன்றும் போதும். நம் பக்கத்தில் பாசியைவிடக் கரியும் ஓட்டுச் சில்லும் மிகுதியாக இருப்பதே மேல் என்பது என் கட்சி. ஐப்பசி அடைமழையில் பாசி உலரவே உலராது. மட்டைத் துண்டுகளை மட்டும் மூன்று நாள் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றிக் கழுவிவிடுங்கள். மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. தொட்டி, பக்கமெல்லாம் துளையுள்ள மண் தொட்டியானால் உத்தமம். பீங்கான் மேல்சட்டையை வேண்டுமானால் விருந்தாளி வரும்போது போட்டு, போனதும் கழற்றிவிடலாம்.

உப்பு என்றதும் நினைவு வருகிறது. கடலூர்க்காரர்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் இது. வேர் அழுகவில்லை, தண்ணீரும் அளவாகத்தான் ஊற்றுகிறீர்கள். ஆனாலும் வேர் நுனி கறுத்துக் கருகுகிறது, இலை நுனி காய்கிறது, தொட்டி ஓரத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படிகிறது. இதற்குக் காரணம் பூச்சியும் அல்ல, கண்ணேறும் அல்ல, உங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். கடற்கரையை ஒட்டின இடங்களில் பல வீடுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். துளசியும் செம்பருத்தியும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மரத்தின் மேல் மழைத்தண்ணீர் குடித்து வளர்ந்த ஜாதி எப்படிப் பொறுக்கும்? குடிதண்ணீர் இயந்திரம் பழுது பார்க்க வருகிறவரிடம் உப்பு அளக்கும் சிறு கருவி இருக்கும். குழாய்த் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். 200-க்குள் இருந்தால் ஆர்க்கிட்டுக்கு நல்லது. 500-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைச் செடியிடம் கொண்டு போகாதீர்கள்.

காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமா என்றால், கூடாது. காய்ச்சினால் தண்ணீர் குறையும், உப்பு குறையாது. இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், அது கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுவது நம்மவர்களின் நல்ல குணம். ஆனால் உப்பையெல்லாம் பிரித்துச் சேர்த்துத் தள்ளிய தண்ணீர் அல்லவா அது? முற்றம் கழுவ அது உதவட்டும். ஆர்க்கிட்டுக்கு இயந்திரம் சுத்தம் செய்து கொடுக்கும் தண்ணீரிலிருந்து ஒரு செம்பு எடுங்கள். சின்னச் செடிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட உயர்ந்தது மழைத்தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-ம் வருஷம் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தக் குழாய் உங்கள் வீட்டிலும் மாடியிலிருந்து இறங்கும். முதல் மழை மாடியைக் கழுவிவிடட்டும். அடுத்த மழையில் இரண்டு குடம் பிடித்து, கொசு நுழையாதபடி துணி கட்டி மூடி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஜில்லாவில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது; மற்ற மாதங்களுக்குச் சேர்த்து வைத்தால்தான் உண்டு. தேவனாம்பட்டினம் போல் கடலுக்கு அருகில் குடியிருக்கிறவர்கள் வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இலையைத் துடைத்துவிடுவதும் நல்லது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஜன்னல் கம்பியை மட்டுமா தின்கிறது?

இனி அந்த மழைக்காலத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பெலனாப்சிஸின் இலைகள் கூடும் நடுக் குருத்துதான் அதற்கு உயிர்நிலை. அதற்கு ஒரே குருத்து. அது அழுகிவிட்டால் மேலே வளர வேறு வழியில்லை. சாயங்காலம் ஊற்றின தண்ணீரோ, ஜன்னல் வழியே அடித்த சாரலோ குருத்தில் தேங்கி இராப் பொழுதெல்லாம் நின்றால், இரண்டு மூன்று நாளில் நடு இலை கையோடு வந்துவிடும். ஆகவே காலையில்தான் தண்ணீர். குருத்தில் துளி நின்றால் மெல்லிய துணியின் நுனியை முறுக்கி ஒற்றி எடுங்கள். குருத்து போன செடியையும் உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். வேர் நன்றாயிருந்தால் சில சமயம் அடியிலிருந்து ஒரு குட்டி முளைக்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்று கேட்கிறவர்களுக்கு நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனத்தால் வேண்டாம், இலேசானால் ஊற்றுங்கள். சித்திரையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை வேண்டியிருக்கும் அதே தொட்டிக்கு, கார்த்திகையில் பத்து நாள் வரை தேவைப்படாமலும் போகலாம்.

இலையில் புள்ளி கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடவும் வேண்டாம். வெளிறிய திட்டு, பிறகு பழுப்பாகிக் காகிதம் போல் உலர்ந்து அதே அளவில் நின்றுவிட்டால் அது வெயில் சுட்ட வடு. செடியை இடம் மாற்றினால் போதும். தண்ணீர் கோத்தாற்போல் ஈரமாக, நாற்றத்தோடு, காலையில் பார்த்ததைவிட மாலையில் பெரிதாகியிருந்தால் அது அழுகல். அதற்குத் தாமதம் கூடாது. கெட்ட பாகத்துக்கு அப்பால் நல்ல இலையிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எறிந்து, வெட்டின வாயில் சமையலறைப் பட்டைப் பொடியைத் தூவுங்கள். பட்டைப் பொடி ஈரத்தை இழுத்துவிடும்; ஆகையால் இலைக்கு மட்டும், வேருக்கு வேண்டாம். அடி இலை ஒன்று மட்டும் மெதுவாக மஞ்சளித்து உதிர்ந்தால் அது வயசு, விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் விஷயத்தில் இலையின் நிறமே சாட்சி. கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சளோ சிவப்போ ஓடினால் அதிகம். இளம்புல்லின் பச்சை சரி. கிழக்கு ஜன்னலின் காலை வெயில் எட்டு மணி வரை படலாம். மேற்கு ஜன்னல் சித்திரை வைகாசியில் அடுப்பு. சிதம்பரத்தில் பழைய முற்றம் வைத்த வீட்டில் இருக்கிறவர்கள் அதிருஷ்டசாலிகள். முற்றத்தை ஒட்டின தாழ்வாரத்தில் வெயில் படாத வெளிச்சமும், தடையில்லாத காற்றும், தரையின் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கின்றன. காசு கொடுத்து அமைத்த ஏ.ஸி. அறை அதற்கு ஈடாகாது. அங்கே காற்று வறண்டு, இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பிடிக்கும். பால்கனியில் தொட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறவர்கள், புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலையாக அவற்றை உள்ளே எடுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் பலாவையும் முந்திரியையும் சாய்த்த ஜில்லா இது.

மாவுப்பூச்சி வந்தால் எறும்பு சொல்லிவிடும். செடியில் எறும்பு சாரியாக ஏறினால் இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல் ஒளிந்திருக்கும். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடையுங்கள், அடுப்பருகே அல்ல. வாரம் ஒரு தடவையாக மூன்று நான்கு வாரம் செய்தால்தான் முட்டையிலிருந்து வருவதும் ஒழியும்.

மொட்டு விரியாமல் மஞ்சளித்து உதிர்கிறதா? பக்கத்தில் பழம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கும் பழம் எதிலீன் என்ற ஒரு வாயுவை விடுகிறது; ஆர்க்கிட் மொட்டுக்கு அது ஆகாது. பண்ணுருட்டிப் பலாப்பழம் கமகமக்கும் அறையில் மொட்டு வைத்த செடியை வைக்கவே கூடாது.

உரம் பற்றி ஒரு வார்த்தை. அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு இவையெல்லாம் மண்ணில் வளரும் செடிக்கு. இங்கே தொட்டிக்குள் கிடந்து புளித்து, கொசு மாதிரிச் சிறு பூச்சிகளை வளர்க்கும். உரக்கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் 19:19:19-ஐ ஒரு லிட்டருக்கு அரை கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் ஏதேஷ்டம், அதுவும் நனைந்த வேருக்கு.

இவ்வளவும் செய்தும் பெலனாப்சிஸ் மறுபடி பூக்கவில்லை என்றால் அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. சில வாரம் தொடர்ந்து சுமார் 25 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி கிடைத்தால்தான் அது பூத்தண்டு விடும். வைகாசியில் 37, 38 டிகிரி காயும் நம் ஊரில் அந்தக் குளிர்ச்சிக்கு மார்கழி, தை மாத இரவுகளை விட்டால் வேறு வழியில்லை. இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டென்ட்ரோபியம் வாங்குங்கள். அதில் கடைகளில் கிடைக்கும் ஊதா, வெள்ளைப் பூ ரகங்கள் நம் வெக்கைக்கு அஞ்சுவதில்லை. கரும்பு போன்ற அதன் தண்டுகளில் இலை உதிர்ந்து மொட்டையாய் நிற்பதைப் பார்த்து, செத்துவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். தண்டு சுருங்கிக் காயாதவரை அது செடியின் தானியக் குதிர். சில சமயம் அந்த மொட்டைத் தண்டே பூக்கும். வாண்டா வளர்ப்பதானால் நல்ல வெளிச்சமும் தினம் தண்ணீரும் வேண்டும். சிங்கப்பூரில் 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் பெயரில் வெளிவந்து, 1981-ல் அந்நாட்டின் தேசியப் பூவான ஆர்க்கிட்டும் வாண்டாப் பரம்பரைதான். அங்கே இருக்கும் உங்கள் மருமகளோ நாத்தனாரோ பெட்டிக்குள் ஒரு செடியை வைத்துக் கொண்டுவர நினைத்தால் வேண்டாமென்று எழுதிவிடுங்கள். அனுமதிச் சீட்டும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டுச் செடி உள்ளே வரக் கூடாது. நம் காட்டு மரங்களில் இருப்பதையும் பிய்த்து வராதீர்கள். ரகம் ரகமாகப் பார்க்க ஆசைப்பட்டால் சேலத்துக்கு மேலே ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிலையத்தாரின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

கையிலிருக்கும் பெலனாப்சிஸை மட்டும் மார்கழி பிறந்ததும் ஏ.ஸி. இல்லாத, இரவில் குளிர்காற்று வரும் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றி வையுங்கள். இலைக் கக்கத்தில் புதிதாக ஏதாவது முளைத்தால் வேரா, பூத்தண்டா என்று சந்தேகம் வரும். நுனி உருண்டு வழவழவென்று பளபளத்தால் வேர். தட்டையாக, கிளிமூக்கு மாதிரி ஒரு பக்கம் பிளந்தாற்போல் இருந்தால் பூத்தண்டு. பூத்தண்டு என்று தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். அது வெளிச்சம் வரும் பக்கமே நீளும், மொட்டும் அந்தப் பக்கமே முகம் திருப்பும்.